கோடை விடுமுறையும் பெண் குழந்தைகளும்
(வாசகசாலைக் கூட்டமொன்றில் பேசியது)



பள்ளிக்கூடங்களை அடைத்துவிட்டார்கள். இன்னும் ஒரு மாத காலத்திற்கு நமது பிள்ளைகள் நம் கையில் இருப்பார்கள். இந்தச் சமயத்தில் பெரிய ராஜீய சங்கதி எதையும் நான் பேசப் போவதில்லை. நம் வீட்டுப் பெண் குழந்தைகளை இந்தக் கோடையில் எங்கே அழைத்துக் கொண்டு போகிறோம், என்ன கற்றுக் கொடுக்கிறோம், அவர்கள் வளர்ந்து வருகிறார்கள் என்பதற்கு எதை அடையாளமாக வைத்து எண்ணி வருகிறோம் என்கின்ற விஷயத்தைப் பற்றி மாத்திரம் சில வார்த்தைகள் சொல்லலாமென்றிருக்கின்றேன். இது ஒரு சின்ன சங்கதியென்று சிலர் நினைக்கலாம். அப்படிப்பட்டவர்கள் கடைசி வரையில் இருந்து கேட்டுவிட்டு, அப்புறம் நினைத்துக் கொள்ளும்படி கேட்டுக் கொள்ளுகிறேன்.

தோழர்களே! ஒரு வீட்டில் 10 வயதில் ஒரு பையனும், 9 வயதில் ஒரு பெண்ணும் இருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். காலையில் பழையதைக் குடித்துவிட்டுப் பையன் புறப்பட்டானானால், கிணற்று மேடு, மாந்தோப்பு, பந்தாடுகிற பொட்டல் எல்லாம் சுற்றிவிட்டு, இருட்டின பிறகு முழங்காலில் காயத்தோடு வந்து சேருகிறான். "ஆம்பிளைப் பிள்ளை அப்படித்தான்" என்று சொல்லி மஞ்சளை அரைத்துப் பூசுகிறோம். அந்தப் பெண் எங்கேயிருந்தாள்? பாத்திரம் தேய்த்தாள், குழாயடியில் குடத்தோடு நின்றாள், சின்னக் குழந்தையை இடுப்பில் வைத்துக் கொண்டிருந்தாள், மத்தியானம் டெலிவிஷனுக்கு முன்னாலே உட்கார்ந்து தூங்கிப் போனாள். தெரு வாசற்படியை விட்டு இறங்கினால், "வெயிலிலே கருத்துப் போவாயடி, நாளைக்கு எவன் உன்னைக் கட்டுவான்?" என்று ஒரு அதட்டல். ஒன்பது வயதுக் குழந்தைக்கு, பதினைந்து வருஷத்திற்குப் பிறகு வரப்போகிற எவனோ ஒருவனுடைய கண்ணுக்காக இன்றைக்கு வெயில் மறுக்கப்படுகிறது. சூரியன் ஆண் பிள்ளைக்கு ஒரு வெயிலும் பெண் பிள்ளைக்கு ஒரு வெயிலுமா அடிக்கிறான்? கருப்பாயிருப்பது ஒரு குற்றமென்று இந்த வெயில் நாட்டில் பிறந்த நமக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

"நாங்கள் அழைத்துக் கொண்டு போவதில்லையா?" என்று தாய்மார்கள் கேட்பீர்கள். போகிறீர்கள். இல்லையென்று சொல்லவில்லை. எங்கே போகிறீர்கள் என்பதுதான் கேள்வி. ஒரு வருஷம் குலதெய்வத்திற்கு மொட்டையடிக்கப் போகிறோம். அடுத்த வருஷம் காது குத்தப் போகிறோம். மற்ற வருஷங்களில் யார் வீட்டுக் கல்யாணத்திற்காவது போகிறோம். மொட்டையடிக்கிறபோது குழந்தை கதறுகிறது. காது குத்துகிறபோதும் கதறுகிறது. கல்யாண வீட்டில், காலைக் கடிக்கிற புதுச் செருப்பும் குத்துகிற ஜரிகைப் பாவாடையும் போட்டுக் கொண்டு சிணுங்குகிறது. பிரயாணமென்றால் தன் உடம்புக்கு ஏதோ வலி வரப்போகிறது என்றே அந்தக் குழந்தை தெரிந்து வைத்திருந்தால், அது அதன் தப்பல்ல. பெட்டி படுக்கை எத்தனை உருப்படியென்று எண்ணுகிறபோது அவளையும் ஒரு உருப்படியாகச் சேர்த்து எண்ணிக் கொண்டு போகிறோமே தவிர, அவளுக்காக என்று ஒரு ஊருக்குப் போனோமா?

வெளியூருக்குப் போவதற்குப் பணம் வேண்டுமே என்பார்கள். வேண்டியதுதான். ஆனால் டவுன் பஸ்ஸில் பெண்கள் கட்டணமில்லாமல் போகலாமென்று இந்த ராஜ்யத்தில் 2021-ஆம் வருஷத்திலேயே ஏற்பாடு வந்தது. அது வந்த பிறகும் எத்தனை தாய்மார் அந்த பஸ்ஸில் ஏறித் தங்கள் பெண்ணுக்கு ஒரு ஆற்றையோ, ஒரு அணையையோ, ஒரு புத்தகசாலையையோ காட்டி வந்தீர்கள்? மதுரைப் பக்கத்துத் தோழர்களுக்குச் சொல்லுகிறேன். கீழடியில் 2023-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் அருங்காட்சியகம் திறந்தார்கள். இரண்டாயிரம் வருஷத்திற்கு முற்பட்ட பானை ஓடுகளில் அந்தக் காலத்து மனிதர்கள் தங்கள் பேரைக் கீறி வைத்திருக்கிறார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கிற வயதிலுள்ள பெண்ணை அந்த ஓட்டுக்கு முன்னே நிறுத்தி, "இதுவும் நம்முடைய எழுத்துதான், பார்" என்று சொன்னால், அந்தக் குழந்தையின் கண் எப்படி விரிகின்றது என்று பாருங்கள். சென்னைக்குப் போகிறவர்கள் எழும்பூர் மியூசியத்திற்குப் போகலாம். 1851-ல் ஏற்பட்டது அது. திமிங்கிலத்தின் எலும்புக்கூடு அங்கே இருக்கின்றது. பூமியைத் திமிங்கிலம் தாங்குகிறதா, ஆதிசேஷன் தாங்குகிறதா என்கின்ற கேள்வியெல்லாம் அந்த எலும்பைப் பார்த்த குழந்தைக்கு எழாது. கொஞ்சம் கையில் காசுள்ளவர்கள் மேட்டுப்பாளையத்திலிருந்து நீலகிரி ரயிலில் ஏறலாம். குன்னூர் வரையில் 1899-லும், உதகமண்டலம் வரையில் 1908-லும் போட்ட பாதை. மொத்தம் 46 கிலோமீட்டர். செங்குத்தான இடங்களில் தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை இருக்கிறது; இஞ்சினின் பல் சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. இதை நீங்கள் விளக்கிச் சொல்ல வேண்டாம். "எப்படியம்மா வழுக்காமல் ஏறுகிறது?" என்று அவளைக் கேளுங்கள். கீழே குனிந்து பார்த்து அவளே சொல்லட்டும். டிக்கெட்டையும் அவள் கையாலேயே வாங்கச் சொல்லுங்கள். பாக்கிச் சில்லறையை எண்ணி வாங்கத் தெரிந்த பெண்ணை நாளைக்கு எவனும் சுலபத்தில் ஏமாற்ற முடியாது.

காசே இல்லாதவர்களுக்கும் ஒரு வேடிக்கை சொல்லுகிறேன். அதற்கு வீட்டு முற்றமே போதும். வருஷத்தில் இரண்டு நாள் நமது தலைக்கு நேர் மேலே சூரியன் வந்து நிற்கிறான். அந்த நாள் உச்சி வேளையில் நட்டு வைத்த கம்புக்கு நிழலே விழுவதில்லை. கன்னியாகுமரியில் ஏப்ரல் 10-ந் தேதியை ஒட்டியும், மதுரையில் 16-ந் தேதியை ஒட்டியும், திருச்சி, கோயம்புத்தூர் பக்கங்களில் 18-ந் தேதியை ஒட்டியும், சென்னையில் 24-ந் தேதியை ஒட்டியும் இது நடக்கும். ஒரு நாள் முன் பின் இருக்கலாம். கடிகாரத்தில் சரியாக 12 மணிக்கல்ல. சென்னையில் 12 மணி கழிந்து ஏழு நிமிஷம் போல, மதுரையில் கால் மணி நேரத்திற்கும் கொஞ்சம் மேலே. ஏப்ரலில் தவறவிட்டவர்களுக்கு ஆகஸ்டிலோ செப்டம்பர் ஆரம்பத்திலோ இன்னொரு முறை வரும். குழந்தையை முற்றத்தில் நிறுத்தி அவளுடைய நிழலை அவளையே தேடச் சொல்லுங்கள். காலுக்கடியில் போய் ஒளிந்து கொண்டிருக்கும். பூமி உருண்டை என்பதையும், அது சாய்ந்து சுற்றுகிறது என்பதையும் இதைவிடச் சுலபமாக எந்த வாத்தியாரும் சொல்லிக் கொடுக்க முடியாது. இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், காசியில் இதைப் பார்க்க முடியாது. அந்த ஊர் கடக ரேகைக்கு வடக்கே இருப்பதால் சூரியன் அங்கே ஒருநாளும் தலைக்கு நேரே வருவதில்லை. ஆயுசில் ஒரு தரமாவது காசிக்குப் போக வேண்டுமென்று காசு சேர்க்கிறவர்கள், காசிக்கில்லாத பெருமை தங்கள் வீட்டு முற்றத்திற்கு இருப்பதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்திற்கு வருகிறேன்.

2022-ஆம் வருஷம் ஜூன் மாதம் 5-ந் தேதி, கடலூருக்குப் பக்கத்தில் கெடிலம் ஆற்றில் குளிக்கப் போன பெண்கள் 7 பேர், சிறுமிகளும் இளம் பெண்களுமாக, ஒரே சமயத்தில் மூழ்கி இறந்து போனார்கள். ஆழத்தில் சிக்கினவர்களைக் காப்பாற்றப் போய் மற்றவர்களும் சிக்கிக் கொண்டார்கள். பத்திரிகையில் படித்தபோது, அந்த ஏழு பேரில் ஒருவருக்காவது நீந்தத் தெரிந்திருந்தால் என்று நினைக்காதவர் யாருமில்லை. நினைத்தோம், அப்புறம் மறந்துவிட்டோம். ஊரில் சிலர் "அவர்கள் விதி" என்றார்கள். அந்த விதி என்பது நீந்தத் தெரிந்தவரைக் கண்டால் மாத்திரம் ஏன் ஒதுங்கிக் கொள்ளுகிறது என்று அவர்களை நான் கேட்கிறேன்.

உலக சுகாதார ஸ்தாபனத்தார் கணக்குப்படி 2021-ஆம் வருஷத்தில் மாத்திரம் உலகத்தில் சுமார் 3 லட்சம் பேர் தண்ணீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். அதில் பெண்களைவிட ஆண்களே ஜாஸ்தி. இதைக் கேட்டவுடன் ஒரு பெரியவர், "பார்த்தீரா, அதனால்தான் நாங்கள் பெண்ணைத் தண்ணீர்ப் பக்கமே விடுவதில்லை" என்பார். ஐயா, நீர் விடாமலா இருக்கிறீர்? ஆற்றில் துணி துவைப்பது யார்? குளத்தில் குடம் எடுப்பது யார்? ஆடு மாட்டைத் தண்ணீர் காட்ட ஓட்டிக் கொண்டு போவது யார்? வேலைக்காகத் தண்ணீரில் இறங்கலாம், ஆனால் பிழைக்கிற வித்தையை மாத்திரம் கற்கக் கூடாது என்றால், இது என்ன நியாயம்? அதுவும் இக்காலத்தில் ஆற்றில் மணல் அள்ளின குழிகள் எங்கெங்கே கிடக்கின்றன என்று அள்ளினவனுக்கே தெரியாது. மேலே முழங்கால் தண்ணீர். அடுத்த அடியில் இரண்டாள் ஆழம்.

பையனுக்கு எப்படி நீச்சல் வந்தது? அண்ணனோ, சித்தப்பனோ, பக்கத்து வீட்டுக்காரனோ முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி, இடுப்பில் கயிற்றைக் கட்டிக் கிணற்றில் இறக்கிவிட்டார்கள். நாலு நாள் தண்ணீர் குடித்தான். ஐந்தாம் நாள் மிதந்தான். அந்தச் சுரைக்குடுக்கை ஆண், பெண் பார்க்கிறதா? "பெண் பிள்ளை எப்படி ஐயா அரையும் குறையுமாகக் கிணற்றில் இறங்குவாள்?" என்று கேட்கிறார்கள். முழங்காலளவு காற்சட்டையும் ஒரு பனியனும் போட்டுக் கொண்டு இறங்கட்டுமே. பாவாடை தாவணியோடு தண்ணீரில் விழுந்தால் அந்தத் துணியே காலைச் சுற்றி இழுத்துக் கொண்டு போகும். மானத்தைக் காக்கிற துணி உயிரை வாங்குகிறதானால் எதைக் கழற்றி வைப்பது என்று பெற்றவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

வங்காளத்தில் ஆரதி சாஹா என்று ஒரு பெண். 1940-ல் பிறந்தவர். சின்னக் குழந்தையாயிருக்கும்போதே கங்கைத் துறைக்குக் குளிக்க அழைத்துப் போனார்கள். அங்கேயே நீந்தக் கற்றுக் கொண்டார். 12 வயது நிறையாத முன்னமே 1952-ல் ஹெல்சிங்கி ஒலிம்பிக் பந்தயத்திற்குப் போனார். 1959-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் இங்கிலீஷ் கால்வாயை நீந்திக் கடக்கப் பார்த்து, கரை தெரிகிற தூரத்தில் கைவிட நேர்ந்தது. அடுத்த மாதம் 29-ந் தேதி மறுபடியும் இறங்கி, 16 மணி 20 நிமிஷம் நீந்திக் கரையேறினார். ஆசியாக் கண்டத்திலேயே அதைச் செய்த முதல் பெண் அவர்தான். கங்கையில் கோடிக்கணக்கான பேர் முங்கி எழுந்திருக்கிறார்கள். பாவம் போயிற்றோ இல்லையோ நமக்குத் தெரியாது. அதே தண்ணீரில் ஒரு குழந்தைக்குக் கையையும் காலையும் அடிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். பலன் கண்ணுக்குத் தெரிந்தது. நம் பெண்கள் எல்லோரும் கால்வாயைக் கடக்க வேண்டாம். நமது ஊர்க் கிணற்றைக் கடந்தால் போதும்.

நீச்சலோடு இன்னொன்றும் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஒருவர் மூழ்கும்போது மற்றவர் குதிக்கக்கூடாது. கையில் அகப்பட்டதை வீச வேண்டும். துப்பட்டாவை ஒன்றோடொன்று முடிந்து வீசலாம்; கயிற்றை வீசலாம்; வாயை அடைத்த காலிப் பிளாஸ்டிக் குடத்தை வீசலாம். கரையில் படுத்துக் கொண்டு இழுக்க வேண்டும். நின்று கொண்டு இழுத்தால் இழுக்கிறவளும் உள்ளே போவாள். இதைக் கரையில் வைத்து விளையாட்டுப் போல ஒரு மணி நேரத்தில் பழக்கிவிடலாம்.

சைக்கிளைப் பற்றி ஜாஸ்தி சொல்ல வேண்டியதில்லை. 1990-களின் ஆரம்பத்தில் புதுக்கோட்டை ஜில்லாவில், அறிவொளி இயக்கத்தின்போது பல்லாயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள், கல்லுடைக்கிறவர்களும் களை எடுக்கிறவர்களும், சைக்கிள் கற்றுக் கொண்டு ரோட்டில் ஓட்டிக் காட்டினார்கள். முதலில் பரிகாசம் செய்த ஆண்களே பிறகு வாயை மூடிக் கொண்டார்கள். ஆண்கள் ஓட்டுகிற சைக்கிளே தேவலாம் என்றார்களாம் அந்தப் பெண்கள். முன்னாலிருக்கிற கம்பியில் குழந்தையை உட்கார வைத்துக் கொள்ளலாமல்லவா! தானே வண்டி ஓட்டப் பழகினவளுக்குத் தான் தேடுகிற சௌகரியம் இன்னதென்று தானே தெரிந்துவிடுகிறது.

தாய்மார்களே! இப்போது நான் சொல்லப் போவது உங்களில் சிலருக்கு வருத்தமாக இருக்கலாம். நம் வீட்டில் பெண்ணுடைய வளர்ச்சியை எதைக் கொண்டு எண்ணுகிறோம்? மொட்டையடித்தது ஒன்று, காது குத்தினது ஒன்று, அப்புறம் ஒரேயடியாக அவள் பெரியவளானது. நடுவில் அவள் எழுத்துக் கூட்டிப் படித்த நாள், தனியாகக் கடைக்குப் போய்ச் சாமான் வாங்கி வந்த நாள், சைக்கிளில் விழாமல் தெருக்கோடி வரையில் போன நாள், இவைகளில் ஒரு தேதியாவது யாருக்காவது ஞாபகமிருக்கிறதா? இவை அவளுடைய காரியங்கள். பெரியவளாவது அவளுடைய காரியமல்ல. பால் பல் விழுந்து புதுப் பல் முளைப்பது போல உடம்பு தானாகச் செய்கிற காரியம். அதற்குத்தான் பச்சை ஓலைக் குடிசை, தாய்மாமன் சீர், பத்திரிகை, மண்டபம், ரோட்டோரத்தில் அந்தக் குழந்தையின் படத்தைப் போட்டு ஆளுயரத்திற்குப் பேனர்! அதையும் லீவு வசதிக்காக மே மாதத்தில் வைத்துக் கொள்ளுகிறோம். பையனுக்கு மீசை அரும்பினால் மண்டபம் பிடிக்கிறோமா? அவனுக்குக் குரல் உடைந்த சங்கதியைப் பத்திரிகை அடித்து ஊருக்குச் சொல்லுகிறோமா? சொன்னால் அவன் வீட்டைவிட்டே ஓடிப் போவான். பெண் ஓட முடியாது என்கின்ற தைரியந்தான் நமக்கு.

இந்தச் சடங்குக்கு அர்த்தம் என்ன? "எங்கள் வீட்டில் ஒரு பெண் கல்யாணத்திற்குத் தயாராயிருக்கிறாள், வேண்டுகிறவர்கள் வரலாம்" என்று முறைக்காரர்களுக்குக் கொடுத்த நோட்டீஸ்தானே? சாரதா சட்டம் 1929-ல் நிறைவேறி 1930 ஏப்ரல் 1-ந் தேதி அமுலுக்கு வந்தபோது பெண்ணின் கல்யாண வயது 14. 1978-ல் அது 18 ஆயிற்று. சட்டம் 18 என்கின்றது. பேனர் 12-லேயே நோட்டீஸ் கொடுக்கிறது. இடையிலுள்ள ஆறு வருஷத்திற்கு இந்த விளம்பரம் யாருக்காக?

உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் கொடுக்கிறோமே, அதுவும் தப்பா என்று கேட்பீர்கள். அது ஒன்றுதான் அதில் புத்தியுள்ள காரியம். ஆனால் அது எத்தனை நாள்? ஒன்பதோ, பதினொன்றோ, பதினாறோ. அப்புறம் பழையபடி எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்திற்கு உட்காருகிறாள். 2019 முதல் 2021 வரையில் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கில், இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 100-க்கு 59 பேர் ரத்தச் சோகையுள்ளவர்கள் என்று கண்டிருக்கிறது. மாதா மாதம் ரத்தம் போகிறவளுக்கு வருஷம் முழுவதும் முட்டை வேண்டும். சடங்குச் செலவில் எத்தனை வருஷத்து முட்டை அடங்கியிருக்கிறது என்று வீட்டுக்குப் போய்க் கணக்குப் பாருங்கள்.

செலவு கூடப் பெரிதல்ல. பெரிய நஷ்டம் வேறே இருக்கிறது. அந்தச் சடங்கோடு அவளுடைய வெளிப் பிரயாணம் முடிந்துவிடுகிறது. சென்ற கோடையில் தகப்பன் கையைப் பிடித்துக் கொண்டு சந்தைக்குப் போனவள் இந்தக் கோடையில் போவதில்லை. சைக்கிள் தம்பிக்குப் போய்விடுகிறது. கிணற்றில் கால் வைக்கக் கூடாது. மாதத்தில் மூன்று நாள் தீட்டு. மற்ற நாளெல்லாம் காவல். தகப்பனும் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கொண்டு பஸ்ஸில் போக வெட்கப்படுகிறான். 12 வருஷம் தோளில் தூக்கின பெண்ணோடு பேச அவனுக்கு அப்புறம் விஷயமே இருப்பதில்லை. மண்டபத்தில் எல்லோரும் மொய் எழுதுகிறார்கள். அவனுடைய கணக்கில் மாத்திரம் ஒரு மகள் குறைந்து போகிறாள்.

"இருபது வீட்டுக்கு நான் மொய் வைத்திருக்கிறேனே, அது எப்படித் திரும்பி வரும்?" என்று ஒரு தோழர் இந்தக் கூட்டத்திற்கு முன்னாலேயே என்னைக் கேட்டார். நியாயமான கேள்விதான். விருந்தே போடக் கூடாதென்று நான் சொல்லவில்லை. உம்முடைய பெண் கிணற்றை நாலு சுற்று நீந்தின நாளில் பந்தலைப் போடும், சமையல்காரரை வரவழையும், தாய்மாமன் சீராக ஒரு சைக்கிள் கொண்டு வரட்டும், மொய் நோட்டையும் வைத்துக் கொள்ளும். வருகிறவர்கள் சாப்பாட்டுக்கும் வரிசைக்கும் வருகிறார்களே தவிர, எதற்காகப் பந்தல் என்று யாரும் கோபித்துக் கொண்டு திரும்பிப் போக மாட்டார்கள்.

பெரிய பெண்களை அழைத்துக் கொண்டு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வெளியூர் போனால் நம் பெண்கள் காலை முதல் மாலை வரையில் தண்ணீர் குடிப்பதில்லை. தாகமில்லாமலல்ல, கக்கூசுக்கு எங்கே போவது என்கின்ற பயம். மே மாத வெயிலில் இப்படிச் செய்தால் மயக்கமும், நீர்க்கடுப்பும் வரத்தான் செய்யும். ஆகையால் எங்கே போனாலும் முதலில் கக்கூசு எங்கேயிருக்கிறது என்று தகப்பனே விசாரித்து வையுங்கள். அவளை விட்டுக் கேட்கச் சொல்லாதீர்கள். மாதவிடாய் நாளாயிருந்தால் அதற்கு வேண்டிய துணியோ பஞ்சுப் பட்டையோ பையில் இருக்கட்டும். பிரயாணத்தை நிறுத்த வேண்டாம்.

கடைசியாக ஒரு ஏற்பாடு. நம் தோழர் ஒருவர் தமது தோட்டத்துக் கிணற்றை இந்த மாதம் முழுவதும் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். படிக்கட்டுள்ள கிணறு. நன்றாக நீந்தத் தெரிந்த நாலு பேர் தண்ணீருக்குள்ளேயே நிற்பார்கள். அவர்களில் இரண்டு பேர் பெண்கள். 6 வயதுக்கு மேற்பட்ட எந்தப் பெண்ணும் வரலாம், பெரியவளானவளும் வரலாம், அவளுடைய தாயும் இறங்கலாம். எந்தத் தெருப் பெண்ணும் அதே கிணற்றில்தான் இறங்குவாள்; அதற்குச் சம்மதமில்லாதவர்கள் தயவு செய்து வர வேண்டாம். காலை 6 மணிக்குத் தொடங்கி வெயில் ஏறுமுன் முடித்துவிடுவோம். சுரைக்குடுக்கை இருக்கிறவர்கள் கொண்டு வாருங்கள். கயிறு நாங்கள் வைத்திருக்கிறோம். பேர் கொடுக்கிறவர்கள் இப்போதே மேஜையண்டை வந்து கொடுக்கலாம்.